நாகர்கோவில், பிறகு கன்னியாகுமரி

1951–52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாகர்கோவில் மக்களவைத் தொகுதி சென்னை மாநிலத்தில் இல்லை. அது திருவிதாங்கூர்-கொச்சியின் தென்கோடித் தொகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் தமிழர்கள் அந்தத் தேர்தலில் ஏ. நேசமணியை டெல்லிக்கு அனுப்பினார்கள். அவர் இந்திய தேசிய காங்கிரசின் வேட்பாளராக நிற்கவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக் கட்சியின் சார்பில் நின்றார். அந்தக் கட்சியின் கோரிக்கை ஒன்றுதான்: தமிழர் வாழும் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும். நாட்டின் மற்றப் பகுதிகளில் யார் ஆள்வது என்பதற்காக மக்கள் வரிசையில் நின்ற அந்த முதல் தேர்தலில், நாகர்கோவில் வாக்காளர் எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதற்காக நின்றார். எந்த மாநிலத்தின் பெயரில் வாக்குச்சீட்டு அச்சடிக்கப்பட்டதோ அந்த மாநிலத்தை விட்டுப் போவதற்கான வாக்கு அது. இந்தத் தொகுதியின் பிற்கால முடிவுகளை வாசிக்கிறவர்கள் இந்தத் தொடக்கத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்துவிடும்போது பின்னால் வரும் பல முடிவுகள் புரியாமல் போகின்றன.

நேசமணி பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர். நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்த காலத்தில் அந்த முக்காலிகளை அப்புறப்படுத்தியவர் என்று அவரைப் பற்றி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். அந்தச் செய்தி இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தெற்குத் திருவிதாங்கூரில் மொழிக் கோரிக்கை மொழியை மட்டும் சுமந்து வரவில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு, நிலமும் பதவியும் யார் கையில் இருந்தன என்ற கணக்கு, பள்ளிக்கூடம் கண்ட முதல் இரண்டு மூன்று தலைமுறைகளின் தன்மான உணர்வு எல்லாம் அதற்குள் இருந்தன. நாடார்களின் எழுச்சியும் தமிழர்களின் கோரிக்கையும் ஒரே மேடையில் பேசப்பட்டன. இரண்டில் எது எதைத் தாங்கியது என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களில் பாடுபட்டவரும், கல்குளம் விளவங்கோடு மலைச்சரிவுகளில் பனையேறியவரும், கடற்கரையில் கரமடி இழுத்தவரும் அந்த ஒரே கோரிக்கையில் தத்தம் பொருளைக் கண்டிருக்க வேண்டும்.

1954இல் நடந்த திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தலில் இந்தக் கட்சி 12 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, கட்சி அறிவித்த விடுதலை நாளில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆட்சியில் இருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. சொந்தக் கட்சியின் அரசு மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தியதற்காக அது பதவி விலக வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா கேட்டார். அந்தப் பிணக்கு வளர்ந்து பிரஜா சோசலிஸ்ட் கட்சியையே பிளந்தது. தென்முனையில் இரண்டு ஊர்களில் வெடித்த துப்பாக்கி, வட இந்தியாவில் சோசலிஸ்டுகளின் பாதையை மாற்றியது என்பது இந்திய அரசியல் வரலாறுகளில் அரைப்பக்கம்கூடப் பெறாத செய்தி. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அது ஊரின் நினைவு. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்புக் குழு 1955இல் நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. நேசமணி மக்களவையில் வாதாடிப் பார்த்தார். 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டும் வந்து சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

கோரிக்கை நிறைவேறியதும் கட்சிக்கு வேலை முடிந்தது; அதன் தலைவர்கள் காங்கிரசுக்குள் போனார்கள். 1957இல் சென்னை மாநிலத் தொகுதியாக நாகர்கோவில் முதல் தேர்தலைச் சந்தித்தபோது, எல்லைப் போராட்டத்தில் நேசமணியோடு நின்ற பி. தாணுலிங்க நாடார் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 1962இலும் 1967இலும் நேசமணியே காங்கிரஸ் சார்பில் திரும்பவும் வென்றார். 1967 முடிவு நின்று பார்க்க வேண்டியது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு தணியாத அந்த ஆண்டில் மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று நாகர்கோவில். தமிழுக்காகத் துப்பாக்கிச்சூட்டைக் கண்ட மண், தமிழின் பெயரால் மாநிலமே புரண்ட ஆண்டில் காங்கிரசோடு நின்றது. இதை முரண் என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கே மொழிக்கான போராட்டத்தை நடத்தியதே காங்கிரஸ் என்ற பெயரைத் தாங்கிய ஒரு கட்சி. அதன் தலைவரே அப்போதைய காங்கிரஸ் வேட்பாளர். திராவிட இயக்கம் மற்ற மாவட்டங்களில் கொண்டுவந்து கொடுத்த உணர்வை, இந்த மாவட்டம் பத்தாண்டுகளுக்கு முன்பே வேறு கையிலிருந்து பெற்றுவிட்டது. கேட்டது கிடைத்துவிட்ட இடத்தில் அதே கேள்வியோடு வந்த இன்னொரு கட்சிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் இடம் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. இந்த விளக்கம் முழுமையானதா என்ற சந்தேகம் அடுத்தடுத்த தேர்தல்களில் வளரும். 1967க்கு மட்டும் இது பொருந்துகிறது.

1968 ஜூன் 1 அன்று நேசமணி காலமானார். இடைத்தேர்தல் 1969 ஜனவரியில் வந்தது. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றிருந்த காமராசர் நாகர்கோவிலுக்கு வந்தார். அண்ணாதுரை முதலமைச்சர், திமுக ஆட்சிக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை, எதிர்த்து நின்றவருக்கு ஆளுங்கட்சியின் ஆதரவு இருந்தது. காமராசர் 1,28,000 வாக்குகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். இன்றுவரை இந்தத் தொகுதியில் வென்றவர்களில் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் அவர் ஒருவரே. ஆனால் அவர் வெளியாராகப் பார்க்கப்படவில்லை. ‘அப்பச்சி’ என்றே குமரி மாவட்டம் அவரை அழைத்தது. முதலமைச்சராக அவர் இருந்த காலத்தில் திறந்த பள்ளிக்கூடங்களும் போட்ட மதிய உணவும் அந்த அழைப்பில் இருந்தன. சாதி உறவும் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கும் வாசிப்புகள் இரண்டு பக்கத்திலும் உண்டு. 1969 இறுதியில் காங்கிரஸ் பிளந்தது; காமராசர் ஸ்தாபன காங்கிரசில் இருந்தார். 1971 தேர்தலில் திமுகவும் இந்திரா காந்தியின் காங்கிரசும் தோழமைக் கட்சிகளும் தமிழ்நாட்டின் 38 மக்களவைத் தொகுதிகளை வென்றன. 39ஆவது தொகுதி நாகர்கோவில். ஸ்தாபன காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் மிஞ்சிய ஒரே மக்களவை உறுப்பினர் காமராசர். 1975 அக்டோபர் 2 அன்று, நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்தபோது, அவர் மறைந்தார்.

1977இல் நாடு இந்திராவுக்கு எதிராகப் போனது, தமிழ்நாடு எம்.ஜி.ஆரின் அதிமுகவோடு சேர்ந்து இந்திராவின் பக்கம் நின்றது. நாகர்கோவில் மாநிலத்தோடு போகாமல் காமராசரின் கட்சியோடு இருந்தது; அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த குமரி அனந்தன் வென்றார். மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக அவர் தொடர்ந்து மன்றாடினார். அதற்காக அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். நேசமணி தாலுகாக்களைக் கேட்ட அதே அவையில் அவருடைய தொகுதியின் இன்னொரு உறுப்பினர் தமிழைக் கேட்டார் என்பதைக் கவனிக்கும்போது, இந்தத் தொகுதிக்கு மொழி அக்கறை இல்லை என்று சொல்லப்படுவது எவ்வளவு மேலோட்டமானது என்று தெரிகிறது. தேசியக் கட்சிக்கு வாக்களிப்பதும் தமிழுக்காக நிற்பதும் இங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. அந்த இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கும் பழக்கம் மாநிலத்தின் மற்றப் பகுதிகளின் அனுபவத்திலிருந்து வந்தது. அதை இங்கே ஏற்றிப் பார்க்கிறார்கள்.

1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல்களில் வென்றவர் என். டென்னிஸ். முதல் நான்கு காங்கிரஸ் சார்பில். 1996, 1998 இரண்டும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) சார்பில். தேசியக் கட்சிகளின் கோட்டை என்று இந்தத் தொகுதிக்குக் கிடைத்த பெயர் இந்தக் காலத்தில்தான் கெட்டிப்பட்டது. ஆனால் அந்தப் பெயரைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 1980இல் காங்கிரஸ் திமுகவோடு கூட்டணியில் இருந்தது. 1984, 1989, 1991இல் அதிமுகவோடு. 1996, 1998இல் தமாகா திமுகவோடு. ஆக டென்னிஸ் ஆறு முறையும் ஏதோ ஒரு திராவிடக் கட்சியின் வாக்குகளையும் சேர்த்தே பெற்றார். திமுகவோ அதிமுகவோ தாங்கள் நேரடியாக நிற்காமல் இந்த இடத்தைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தபோது, அந்த விட்டுக்கொடுத்தல் தொகுதியின் இயல்பாக வாசிக்கப்பட்டது. தொகுதியின் மனம் தேசியக் கட்சிகள் பக்கம் இருந்ததால் அவை விட்டுக்கொடுத்தனவா, விட்டுக்கொடுத்ததால் அப்படி ஒரு மனம் உருவானதா? சட்டமன்றத் தேர்தல்களில் இதே வாக்காளர்கள் திமுகவுக்கும் அதிமுகவுக்கும் வெற்றி கொடுத்திருக்கிறார்கள். முடிவுகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. பட்டியலில் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுகளின் தடயம் இருப்பதில்லை. 1998இல் மட்டும் தொகுதி மறுபடி அலைக்கு எதிராக நின்றது: அதிமுக–பாஜக அணி மாநிலத்தில் 30 இடங்களை வென்றபோது, தமாகாவுக்குக் கிடைத்த மூன்றில் நாகர்கோவில் ஒன்று.

டென்னிசின் ஆறு வெற்றிகளுக்கு நடுவே மண்டைக்காடு இருக்கிறது. 1982 மார்ச் முதல் நாள், பகவதி அம்மன் கோவிலின் மாசிக் கொடை நேரத்தில் மூண்ட இந்து–கிறித்தவக் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச்சூடும் கடற்கரை ஊர்களுக்குப் பரவிய தீவைப்பும் மாவட்டத்தை உலுக்கின. அரசு வேணுகோபால் விசாரணைக் குழுவை அமைத்தது. 1957இல் காங்கிரஸ் உறுப்பினராக டெல்லி போன அதே தாணுலிங்க நாடார், அந்த ஆண்டுகளில் இந்து முன்னணியின் தலைவராக மேடை ஏறினார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் எல்லைப் போராட்டமும் காங்கிரசும் இந்து முன்னணியும் அடுத்தடுத்து வந்ததை அவருடைய தனிப்பட்ட மாற்றமாக மட்டும் எடுத்துக்கொண்டால் தொகுதியின் கதை தவறிப்போகும். மொழியின் பெயரால் இந்துவும் கிறித்தவரும் ஒரே கொடியின் கீழ் நின்ற இடம் அது. அந்தக் கொடி இறக்கப்பட்ட பிறகு அந்த இடத்தில் வேறு ஒன்றிணைப்பு எதுவும் ஏற்றப்படவில்லை. வெறுமையாக விடப்பட்ட மேடையில் மதம் ஏறிக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதற்கும் ஒரு தடை உண்டு: மண்டைக்காட்டுக்குப் பிறகு நடந்த ஐந்து தேர்தல்களிலும் வென்றவர் கிறித்தவரான டென்னிஸ். கலவரத்துக்கும் பாஜகவின் முதல் மக்களவை வெற்றிக்கும் இடையே 17 ஆண்டுகள். மதம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் இந்த 17 ஆண்டுகளை எங்கே வைப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் முதலில் எடுத்து வைப்பது இந்த எண்களைத்தான். மீனவர் ஒரு மூட்டை, சீர்திருத்தத் திருச்சபையினர் ஒரு மூட்டை, இந்து நாடார் ஒரு மூட்டை, வெள்ளாளரும் நாயரும் இன்னொரு மூட்டை என்று வாக்குகள் எடைபோடப்படுகின்றன. இந்தக் கணக்கு முழுப் பொய்யில்லை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கட்சிகள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. பிறகு வாக்காளரின் முன்னால் இருக்கும் தேர்வுகளே அந்தக் கணக்கின் வடிவில் வந்து நிற்கின்றன. 91.75 விழுக்காடு எழுத்தறிவு கொண்ட மாவட்டத்தில், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் மூன்று நாளிதழ்களை வரி விடாமல் வாசிக்கும் மனிதர்களின் அரசியலை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்பதை வைத்து முன்கூட்டியே எழுதிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் எதைக் கேட்டார்கள், எதற்காகக் கோபப்பட்டார்கள் என்ற பதிவு இந்த எண்களுக்கு அடியில் புதைந்துபோகிறது.

1999இல் பாஜக திமுகவின் கூட்டணிக்கு வந்தது, பொன். இராதாகிருஷ்ணன் வென்று, வாஜ்பாய் அமைச்சரவையில் இணை அமைச்சரானார். 1996இலேயே பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று தமிழ்நாட்டின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினராகியிருந்தார் என்பதால் கட்சிக்கு இங்கே சொந்த வேர் இருந்தது; ஆனாலும் மக்களவைக்கு அந்த வேர் போதுமானதாக இல்லை, திமுகவின் தோள் தேவைப்பட்டது. 2004இல் திமுக அணி மாறியது. அந்த அணியில் இடம் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போக, ஏ.வி. பெல்லார்மின் 4,10,091 வாக்குகள் பெற்றார், இராதாகிருஷ்ணனுக்கு 2,45,797. மார்க்சிஸ்ட் கட்சி இங்கே திடீரென்று முளைத்ததல்ல. மலையோரத் தோட்டங்களில் விடியும் முன்னே கத்தியோடு போகும் பால்வெட்டுத் தொழிலாளர்கள், கை விரல்கள் அண்டிப்பாலில் வெந்துபோக உட்கார்ந்து முந்திரிப் பருப்பு உடைக்கும் அண்டி ஆபீஸ் பெண்கள் ஆகியோரிடையே அதற்குப் பல பத்தாண்டுச் சங்கங்கள் இருந்தன. திருவட்டாரிலும் விளவங்கோட்டிலும் சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள். மதக் கணக்கில் எந்தப் பெட்டியிலும் அடங்காத வாக்குகள் இவை. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி குளச்சலையும் மணக்குடியையும் அடித்துச் சென்றபோது தொகுதியின் உறுப்பினர் பெல்லார்மின்தான்.

இதற்குப் பிறகு தொகுதியின் எல்லை மாறியது. பழைய நாகர்கோவில் தொகுதியில் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி கிடையாது. அது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. முக்கடல் கூடும் முனை உட்பட மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வேறொரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 2008 மறுவரையறையில் திருவட்டார் சட்டமன்றத் தொகுதி கலைக்கப்பட்டது. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்ற ஆறும் சேர்ந்து மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியாயிற்று. பெயரும் கன்னியாகுமரி ஆனது. புதிய பெயரில் நடந்த முதல் தேர்தலான 2009இல் திமுக நேரடியாக நின்றது. ஜெ. ஹெலன் டேவிட்சன் 3,20,161 வாக்குகளோடு வென்றார், இராதாகிருஷ்ணன் 2,54,474. இத்தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன ஒரே பெண் ஹெலன். திமுக சார்பில் வென்ற ஒரே உறுப்பினரும் அவரே. அதிமுக இன்றுவரை வென்றதில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் நான்கு லட்சத்தைத் தாண்டிய பெல்லார்மின், இம்முறை அதிமுக அணியில் நின்று பெற்றது 85,583. வேட்பாளர் அவரே, கட்சியும் அதுவே. தனிக் கட்சிகளின் உண்மையான வலு எவ்வளவு, கூட்டணியிடம் கடன் வாங்கியது எவ்வளவு என்பதை இந்த ஒரு வீழ்ச்சியைப் போல வேறெதுவும் காட்டவில்லை.

2014இல் பெரிய கட்சிகள் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. மாநிலத்தில் அதிமுக 37 இடங்களை வென்றது. அதற்குக் கிடைக்காத இரண்டில் ஒன்று தருமபுரி, மற்றது கன்னியாகுமரி. இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்றார். காங்கிரசின் எச். வசந்தகுமார் 2,44,244, அதிமுக 1,76,239, திமுக 1,17,933, மார்க்சிஸ்ட் 35,284, கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்து ஆம் ஆத்மி சார்பில் நின்ற சுப. உதயகுமார் 15,314. பாஜகவின் வெற்றி வித்தியாசம் 1,28,662. தென்முனையில் காவி மலர்ந்தது என்று அப்போது எழுதினார்கள். ஐந்தாண்டு கழித்து 2019இல் அதே இராதாகிருஷ்ணன், அப்போது மத்திய இணை அமைச்சர், பெற்றது 3,67,302. ஏறத்தாழ அதே வாக்குகள்தான். வசந்தகுமார் 6,27,235 பெற்று 2,59,933 வித்தியாசத்தில் வென்றார். 2014இல் பாஜகவை எதிர்த்த ஐந்து கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் சுமார் 5.9 லட்சம்; வசந்தகுமார் தனியே பெற்றது அதைவிட அதிகம். இத்தனைக்கும் 2019இல் அதிமுக பாஜகவின் கூட்டணியில் இருந்தது. 2014இல் அதிமுகவுக்கு விழுந்த 1,76,239 வாக்குகளில் பெரும்பகுதி கூட்டணி சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்றே இந்த எண்கள் சொல்கின்றன. பாஜகவை விரும்புவோர் தொகை இரு தேர்தல்களிலும் அப்படியே இருந்தது. மற்றவர்கள் சிதறினார்களா, சேர்ந்தார்களா என்பதில் வெற்றி இருந்தது.

சேர்ந்ததற்குக் காரணம் எண்களில் இல்லை, கடலில் இருக்கிறது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தேடுவதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்டு கொதித்த மீனவ மக்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள்; இரவிலும் எழவில்லை. அதற்கு முன்பே இனயத்திலும் பிறகு கோவளம்–கீழமணக்குடிப் பக்கமும் திட்டமிடப்பட்ட சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு எதிர்ப்பு கிளம்பியிருந்தது. இராதாகிருஷ்ணன் கொண்டுவந்த மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு திறக்கப்பட்டன. நகரத்து மக்கள் அவற்றை மதித்தார்கள். கடற்கரை வேறு கணக்கு வைத்திருந்தது. பிணம்கூடக் கிடைக்காத வீடுகளில் விழுந்த வாக்கைக் கிறித்தவ வாக்கு என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு கொடுமை! ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நீளும் அந்த ஊர்களின் வாக்கு தேர்தல் நாளன்று முழுமையாகப் பதிவாவதும் நடப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரைக்கானது. சின்னமுட்டம் விசைப்படகுகள் அப்போது கரையில் நிற்கும். மேற்குக் கரைக்குத் தடை ஜூன், ஜூலையில். தேங்காய்ப்பட்டினத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் போகும் ஆழ்கடல் படகுகள் ஏப்ரலில் கடலில் இருக்கும். 2014, 2019, 2021, 2024 நான்கு வாக்குப்பதிவுகளும் ஏப்ரலில்தான் நடந்தன. படைவீரருக்கும் தேர்தல் பணி ஊழியருக்கும் உள்ள அஞ்சல் வாக்கு, வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் மீனவருக்குக் கிடையாது. கடற்கரைச் சமூகத்திலிருந்து மக்களவைக்கு ஒருவர் போகவில்லை என்ற மனக்குறையும் அந்த ஊர்களில் பழையது.

வசந்தகுமார் 2020 ஆகஸ்டு 28 அன்று கொரோனாவுக்குப் பலியானார். சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகன் விஜய் வசந்த் 5,76,037 வாக்குகள் பெற்றார், இராதாகிருஷ்ணன் 4,38,087. பாஜக இத்தொகுதியில் பெற்ற மிக அதிக வாக்குகள் அவை, தோல்வியில்தான் வந்தன. அன்றே நடந்த சட்டமன்றத் தேர்தலில் நாகர்கோவில் பாஜகவுக்கும், கன்னியாகுமரி அதிமுகவுக்கும், பத்மநாபபுரம் திமுகவுக்கும், குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் மூன்றும் காங்கிரசுக்கும் போயின. ஒரே நாளில், ஒரே மாவட்டத்தில், நான்கு கட்சிகள். ஒற்றை மனம் கொண்ட தொகுதி என்று இதைச் சொல்ல முடியாது. 1977இல் குமரி அனந்தன், 2019இல் அவருடைய தம்பி வசந்தகுமார், 2021இல் தம்பி மகன் என்று அகஸ்தீஸ்வரத்தின் ஒரே குடும்பம் மூன்று உறுப்பினர்களைத் தந்திருப்பதும் கவனத்துக்குரியது. கட்சிகள் புதிய ஆட்களைத் தேடுவதை நிறுத்திவிட்டதன் அடையாளம் அது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: 1999 முதல் 2024 வரையான ஏழு தேர்தல்களிலும் பாஜகவின் வேட்பாளர் இராதாகிருஷ்ணன் ஒருவரே. கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை முழுவதும் வாக்குரிமை பெற்று வந்துவிட்டது. அதற்குக் காட்டப்பட்ட முகங்கள் அதிகம் மாறவில்லை.

2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவில் விஜய் வசந்த் 5,46,248 வாக்குகளும் இராதாகிருஷ்ணன் 3,66,341 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 1,79,907. பாஜகவின் எண் 2014, 2019 எண்களுக்கு மறுபடி அருகில் வந்து நின்றது. நாம் தமிழர் கட்சி 52,721 வாக்குகளோடு மூன்றாமிடம் பிடித்தது. பாஜகவை விட்டு விலகித் தனி அணியாக நின்ற அதிமுக 41,393 வாக்குகளோடு நான்காமிடத்துக்குப் போனது. பத்தாண்டுகளுக்கு முன் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாக்களித்த கட்சி அது. அந்த வாக்காளர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு மத விழுக்காடுகளில் பதில் இல்லை. அதே நாளில் விளவங்கோடு சட்டமன்றத் தொகுதிக்கும் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே காங்கிரஸ் உறுப்பினராக இருந்த விஜயதரணி அந்த ஆண்டு பிப்ரவரியில் பாஜகவுக்குப் போனதால் இடம் காலியாகியிருந்தது. விளவங்கோடு வாக்காளர்கள் இரண்டு இயந்திரங்களில் வாக்களித்தார்கள். சட்டமன்றத்துக்குக் காங்கிரசின் தாரகை கத்பர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.